மூசாக்காரன்: சித்து மூசேவாலாவின் ஐந்து வருடம்

பஞ்சாபி ராப் பாடகர் சித்து மூசேவாலாவின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்ப்பவர்கள் கனடாக் காட்டில் திரியும் 'மூஸ்' என்ற பெரிய கொம்பு மானை நினைத்துக்கொள்கிறார்கள். ஆள் கனடா போய்ப் பாட ஆரம்பித்தவர் என்பதால் அந்தத் தப்புக் கணக்கு இன்னும் சுலபமாகிவிடுகிறது. விஷயம் அதைவிட எளிது. பஞ்சாபில் மான்சா மாவட்டத்தில் மூசா என்று ஓர் ஊர். 'வாலா' ஒட்டும்போது பஞ்சாபியில் முன்சொல்லின் 'ஆ' சத்தம் 'ஏ' ஆகிவிடும். மூசே வாலா என்றால் மூசாக்காரன். செம்மங்குடி, அரியக்குடி என்று ஊரையே ஆளுக்குப் பெயராக வைத்துப் பழகிய நமக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் ராப் உலகத்தில் மேடைப்பெயர் என்பது பெரும்பாலும் பழைய ஆளை மறைத்துக்கொள்ளப் போடும் சட்டை. சுபதீப் சிங் சித்து என்ற இயற்பெயர் கொண்ட இவர் அப்படி எதையும் போட்டுக்கொள்ளவில்லை. தன் முகவரியையே பெயராக எழுதி ஒட்டிக்கொண்டார்.

பாடகராக முதல் பாட்டு 2017இல். சுட்டுக் கொல்லப்பட்டது 2022 மே 29இல். அப்போது வயது 28. இடையில் இருக்கும் ஐந்தே வருடத்தைப் பற்றிப் பேச எத்தனையோ இருக்கிறது. நான் பிடித்துக்கொள்ளப்போவது அந்த முகவரியை. அவருக்குப் பெயரும் பணமும் அந்த வழியாகத்தான் வந்தன. துப்பாக்கி ஏந்தியவர்களும் அதே வழியாகத்தான் வந்தார்கள்.

பருத்தி விளையும் பக்கம்

பஞ்சாப் என்றதும் இந்தி சினிமா நமக்குக் காட்டுவது மஞ்சள் கடுகுப்பூ வயல். மான்சாவை அந்தப் படத்தில் வைத்துப் பார்க்க முடியாது. சட்லஜ் ஆற்றுக்குத் தெற்கே உள்ள மால்வா பகுதி அது, பருத்திப் பூமி. பூச்சி விழுந்தால் கடன், கடன் முற்றினால் தற்கொலை என்று செய்தித்தாளில் அடிக்கடி வரும் மாவட்டங்களில் ஒன்று. இந்தப் பகுதியிலிருந்து பிகானேர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிச் செல்லும் ரயிலுக்கு ஊர்மக்கள் வைத்த பெயரே 'கேன்சர் ரயில்'. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அவருடைய பாட்டில் வரும் திமிரும் மீசை முறுக்கலும் வளமான ஊரின் குரல் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அது தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் ஊரின் குரல்.

அப்பா பல்கௌர் சிங் ராணுவத்தில் இருந்துவிட்டுத் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவர். அம்மா சரண் கௌர் 2018 டிசம்பரில் மூசா ஊராட்சித் தலைவராகத் தேர்வானார். பையன் லூதியானாவில் குரு நானக் தேவ் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிகல் படித்து 2016இல் முடித்தார். நம் ஊர்ப் பொறியியல் பட்டதாரிகள் பலரைப் போலவே, படித்ததற்கும் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை.

குரலைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். பஞ்சாபி நாட்டுப்புறப் பாட்டில் 'கலி' என்றொரு வடிவம் உண்டு. காதல் கதையையோ வீரக் கதையையோ உச்சத்தில் எடுத்து, மூச்சு விடாமல் நீளமாக இழுத்துக்கொண்டு போவது. இதற்குப் பெரிய பெயர் 2011இல் மறைந்த குல்தீப் மானக். மூசேவாலா தன் ஆதர்சம் என்று சொன்ன பெயர்கள் இரண்டு: ஒன்று மானக், இன்னொன்று அமெரிக்க ராப் பாடகர் டூபாக். கேட்பவர்கள் பலர் டூபாக் பக்கத்தையே பார்த்தார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிவது: கார், சங்கிலி, கைச்சாடை. காதுக்குத் தெரிவது மானக். அடியில் கனத்த பேஸ் உருண்டுகொண்டிருக்க, அதற்கு மேலே இரண்டு கட்டை தள்ளி நாட்டுப்புறக் குரல் ஏறி நிற்கும். ராப் பாடுபவர் தாளத்துக்குள் சொற்களைத் திணிப்பார். இவர் பல இடங்களில் தாளத்தை விட்டுவிட்டு வரியின் கடைசி எழுத்தைப் பிடித்து நீட்டிக்கொண்டு நிற்பார், தாளம் வந்து காத்திருக்கும். வயலில் ஒரு கோடியில் இருப்பவன் மறுகோடியில் இருப்பவனைக் கூப்பிடும் தொனி அது. ஸ்டுடியோவில் எந்த மென்பொருளாலும் அதைச் செய்துவிட முடியாது.

சீக்கிய மரபில் 'வார்' என்ற போர்ப்பாட்டும் இருக்கிறது. டட் என்ற சின்ன உடுக்கையும் சாரங்கியும் வைத்துக்கொண்டு டாடிக் கலைஞர்கள் ஊர் ஊராகப் பாடுவார்கள். ஆறாவது குரு ஹர்கோபிந்த் காலத்தில் வேரூன்றியது. நமக்குப் பரணி எப்படியோ, அப்படி. 'என்னை எவன் தொடுவான்' என்று மார்தட்டும் வரிகள் நியூயார்க்கிலிருந்து இறக்குமதியானவை என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிராம்ப்டன் போனவர் திரும்பிய கதை

டொரான்டோ என்றால் நமக்கு ஸ்கார்பரோ. பஞ்சாபிகளுக்கு பிராம்ப்டன். 2016இல் மாணவர் விசாவில் அங்கே போனார். அதே வருடம் அவர் எழுதிய ஒரு பாட்டை நிஞ்சா என்ற பாடகர் பாடி வெளியிட்டார். ஆக, முதலில் தெரியவந்தது எழுத்தாளராகத்தான். 2017இல் 'ஜி வேகன்' என்ற ஜோடிப் பாட்டு, அப்புறம் அதே வருடம் 'சோ ஹை'. பீட் போட்டது பிராம்ப்டன் வட்டத்தைச் சேர்ந்த பிக் பேர்ட். பிரிட் ஏசியா டிவி விருதில் சிறந்த பாடலாசிரியர் என்று அந்தப் பாட்டுக்காகப் பெயர் வாங்கினார். பாடகர் விருது இல்லை, பாடலாசிரியர் விருது.

2018 அக்டோபரில் முதல் ஆல்பம் 'பிபிஎக்ஸ் 1' வந்தது, கனடா பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் 66ஆம் இடம் வரை போனது. 2019இல் பிரிட்டன் கலைஞர்கள் மிஸ்ட், ஸ்டீல் பாங்கிள்ஸ், ஸ்டெஃப்லான் டான் ஆகியோருடன் செய்த '47' பிரிட்டன் பட்டியலில் 17ஆம் இடத்தைத் தொட்டது. மொழி புரியாத ஊரில் பஞ்சாபி வரிகள் அந்த இடத்துக்குப் போவது சாதாரண விஷயம் இல்லை.

இந்தக் கட்டத்தில் மற்ற பஞ்சாபிப் பாடகர்கள் செய்வது என்ன? ஒன்று, கனடாவிலேயே வீடு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். அல்லது மும்பை போய் இந்தி சினிமாவுக்கு ஒரு பார்ட்டி பாட்டு. இவர் மூசாவுக்குத் திரும்பினார். கிராமத்தில் ஹவேலி என்னும் பெரிய மாளிகை கட்டினார், வயலில் இறங்கினார், டிராக்டர் ஓட்டினார். வீடியோக்களில் எருமையும் டிராக்டரும் வந்தபோது அவை செட் போட்டவை இல்லை என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

'டோச்சன்' என்றொரு பாட்டு. பஞ்சாப் கிராமங்களில் இரண்டு டிராக்டர்களைப் பின்னுக்குப் பின் சங்கிலியால் கட்டி எதிரெதிரே இழுக்க விடும் பந்தயம் அது. முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கும், புழுதி கிளம்பும், எந்த வண்டி பின்னால் இழுபடுகிறதோ அது தோற்றது. நம் ஊரில் மஞ்சுவிரட்டுக்கு நிற்கும் அதே கூட்டம் அங்கே நிற்கும். இதை வைத்து ஹிப் ஹாப் பாட்டு எழுதலாம் என்று தோன்றுவதற்கு அந்தப் புழுதியைத் தின்றிருக்க வேண்டும். 2020இல் அவர் தொடங்கிய சொந்த லேபிளுக்கு, அதாவது பாட்டு வெளியிடும் நிறுவனத்துக்கு, வைத்த பெயர் '5911 ரெக்கார்ட்ஸ்'. எச்எம்டி நிறுவனத்தின் 5911 என்ற டிராக்டர் மாடல். நியூயார்க்கில் ஒருவர் பகட்டான காரின் பெயரை வைத்திருப்பார், இங்கே உழவு வண்டி.

லேபிள் சொந்தம் என்பதில் பெரிய வியாபார லாபம் இருந்தது. பாட்டின் உரிமை, வெளியிடும் நாள், யூடியூப் வருமானம் எல்லாம் கையில். 2021 மே 15இல் தொடங்கிய 'மூஸ்டேப்' ஆல்பத்தை ஒரே நாளில் கொட்டாமல் ஒவ்வொரு பாட்டாக ஜூலை வரை விட்டார். மொத்தம் முப்பதுக்கு மேல். பொஹீமியா, டிவைன், ராஜ குமாரி, டியான் வேன் என்று மூன்று நான்கு நாட்டுக்காரர்கள். ஸ்பாட்டிஃபையில் 100 கோடி முறை கேட்கப்பட்ட முதல் இந்திய ஆல்பம் என்று பின்னால் பேசப்பட்டது இதுதான்.

இரும்பு

சரி, கசப்பான பக்கத்துக்கு வருவோம். துப்பாக்கி இல்லாத மூசேவாலா பாட்டுகளைத் தனியே பொறுக்கினால் சின்னப் பட்டியல்தான் வரும். 2019 ஜூலையில் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் மது, போதை, வன்முறையைப் போற்றும் பாட்டுகள் மேடை நிகழ்ச்சிகளில்கூட ஒலிக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்ளக் காவல்துறைக்கு உத்தரவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்னால் கனடாவின் சர்ரே நகரில் நடந்த 5எக்ஸ் விழாவில், பாதுகாப்பைக் காரணம் காட்டிக் காவல்துறை கேட்டுக்கொண்டதால், நிகழ்ச்சி நிரலிலிருந்து அவர் பெயர் எடுக்கப்பட்டது.

2020 பிப்ரவரியில் ஒரு பாட்டுக்காக மான்சா போலீஸ் வழக்கு. மே மாதம், ஊரடங்கு நேரத்தில், போலீஸ்காரர்கள் பக்கத்தில் நிற்க அவர் துப்பாக்கி சுடும் வீடியோ வெளியே வந்தது. ஆயுதச் சட்டத்தில் வழக்கு, போலீஸ்காரர்கள் இடைநீக்கம். வேறு யாராக இருந்தாலும் சில மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். இவர் ஜூலையில் 'சஞ்சு' என்று ஒரு பாட்டு வெளியிட்டார். ஆயுதச் சட்டத்தில் தண்டனை பெற்ற நடிகர் சஞ்சய் தத்தோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டு, வழக்கையே பதக்கமாகக் குத்திக்கொண்ட பாட்டு. அதற்கும் ஒரு வழக்கு.

இதை வெறும் விளம்பர உத்தி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, நியாயப்படுத்தவும் வரவில்லை. ராப் ரசிகன் பாடகனிடம் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நீ சொல்வது உன் வாழ்க்கையா, வாய்ப்பேச்சா? மற்றவர்கள் அந்தக் கேள்வியை மழுப்பித் தப்பிவிடுவார்கள். ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு அதே ஊரில் குடியிருப்பவருக்கு மழுப்ப வழி இல்லை. ஒவ்வொரு வழக்கும் 'இவன் நிஜம்' என்று ரசிகனுக்குக் கொடுக்கப்பட்ட ரசீது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாட்டுத் தலைப்புகளிலேயே 'ஜட்' என்ற சொல் வந்து நிற்கும். ஜட் என்பது பஞ்சாபின் நிலவுடைமைச் சாதி. இந்தியாவில் தலித் மக்கள் விகிதம் மிக அதிகமாக உள்ள மாநிலம் பஞ்சாப், 2011 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 32 சதவீதம். நிலம் மட்டும் ஜட்களிடம். மூசேவாலா 'என் மண்' என்று பாடும்போது அந்த மண்ணில் கூலிக்கு நிற்பவரின் காதில் அது எப்படி விழும் என்று யோசிக்காமல் அவரைக் கொண்டாட முடியாது. ஜலந்தரைச் சேர்ந்த கின்னி மாஹி போன்ற தலித் பாடகர்கள் தங்கள் சாதிப்பெயரையே நிமிர்த்திவைத்துப் பாட வந்தது இந்த ஜட் பாட்டுக் கடலுக்குப் பதில் சொல்லத்தான். சினிமாப் பெருமிதப் பாட்டுகளோடு வளர்ந்த தமிழ் ரசிகனுக்கு இதை விளக்க வேண்டிய அவசியம் இல்லை.

தலைப்பாகையும் 295ம்

சீக்கியர் என்ற அடையாளம் அவருக்குச் சாதகமாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. 2019 செப்டம்பரில் ஒரு படப்பாட்டில் மாய் பாகோவின் பெயரை இழுத்தார். 1705இல் முக்த்சர் பக்கம் முகலாயப் படையை எதிர்த்து நாற்பது வீரர்களோடு நின்ற பெண் அவர், சீக்கியர்களுக்குப் போற்றத்தக்க தாய். அவர் பெயரைத் துப்பாக்கிப் பெருமைக்கு நடுவில் கொண்டுவந்ததும் கொதித்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டார்.

இரண்டு வருடம் கழித்து அந்த அனுபவம் வேறு உருவத்தில் திரும்பியது. 'மூஸ்டேப்'பில் உள்ள '295'. 2024 வரை நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் மத உணர்வைப் புண்படுத்துவது தொடர்பான பிரிவின் எண். இதன் 'அ' உட்பிரிவு 1927இல் வெள்ளைக்காரன் காலத்தில் சேர்க்கப்பட்டது. உண்மை பேசினால் வழக்கு வரும், முன்னேறினால் வெறுப்பு வரும் என்பதுதான் பாட்டின் சாரம். துப்பாக்கி பின்னால் போய்விட்டது, பீட் மெதுவாகிவிட்டது. களைத்துப்போன ஒருவன் பேசுவதுபோல் இருக்கும். என் கணக்கில் அவர் செய்ததில் சிறந்தது இதுதான். மார்தட்டுவதற்கே பிறந்த குரல் என்று நினைத்திருந்தவர்கள், அதே குரல் தணிந்து வந்தபோது அதன் கனத்தை அறிந்தார்கள்.

நடுவில் விவசாயிகள் போராட்டம். 2020 டிசம்பரில், டெல்லி எல்லையில் டிராக்டர்கள் வரிசையாக நின்றிருந்தபோது 'பஞ்சாப்' என்ற பாட்டை வெளியிட்டார். வீடியோவில், 1984இல் பொற்கோயிலில் ராணுவ நடவடிக்கையில் கொல்லப்பட்ட சீக்கியத் தீவிரவாதத் தலைவர் பிந்தரன்வாலேயின் காட்சிகள் இருந்தன. பஞ்சாபின் உரிமை பேசும் கவிஞன் என்று ஒரு பக்கமும், பிரிவினைக்காரன் என்று இன்னொரு பக்கமும் அவரைப் பிரித்து வைத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். அப்படிப்பட்டவர் அடுத்த டிசம்பரில் காங்கிரஸில் சேர்ந்தார். காங்கிரஸ் ஆட்சியில் நடந்த பொற்கோயில் நடவடிக்கையையும் சீக்கியர் படுகொலையையும், அந்த 1984ஐ, மறக்காத சீக்கியர்களில் பலருக்கு இது ஜீரணமாகவில்லை.

2022 சட்டமன்றத் தேர்தலில் மான்சாவில் நின்றார். ஆம் ஆத்மி அலை, 117இல் 92 இடம். டாக்டர் விஜய் சிங்லாவிடம் 63,323 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். யூடியூபில் கோடிகளைப் பார்த்தவருக்குச் சொந்தத் தொகுதியில் கிடைத்தது 36,700 ஓட்டு. முகவரி கைவிட்ட ஒரே இடம் இது. ஏப்ரலில் 'ஸ்கேப்கோட்' என்ற பாட்டில் அந்தக் கோபத்தைக் கொட்டினார். ஜெயித்த சிங்லா அமைச்சராகி, ஊழல் புகாரில் மே 24இல் பதவி நீக்கப்பட்டார் என்பது தனிக்கதை.

மே 29

மே 15இல் 'தி லாஸ்ட் ரைட்' வெளியானது. அட்டைப்படத்தில் 1996இல் லாஸ் வேகாஸில் டூபாக் சுடப்பட்டபோது இருந்த கார். மே 28இல் பஞ்சாப் அரசு 424 பேருக்கு இருந்த போலீஸ் காவலைக் குறைத்தது அல்லது நீக்கியது; பட்டியல் வெளியே கசிந்தது. மூசேவாலாவுக்கு நான்கு பேர் இரண்டு பேர் ஆனார்கள். மறுநாள் மாலை, அந்த இரண்டு பேரையும் குண்டு துளைக்காத வண்டியையும் விட்டுவிட்டு, இரண்டு பேரைக் கூட ஏற்றிக்கொண்டு மஹிந்திரா தார் ஜீப்பில் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். பக்கத்து ஜவாஹர்கே கிராமத்தில் வண்டியை மறித்துச் சுட்டார்கள். கூட இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள்.

கனடாவிலிருந்து கோல்டி பிரார் என்பவர் பொறுப்பேற்றார். லாரன்ஸ் பிஷ்னோய் கும்பலைச் சேர்ந்தவர். பிஷ்னோய் அப்போது திகார் சிறையில். 2021 ஆகஸ்டில் மொகாலியில் கொல்லப்பட்ட அகாலி தள இளைஞர் அணிப் பிரமுகர் விக்கி மித்துகேடாவுக்குப் பழிவாங்கல் என்று காரணம் சொன்னார்கள். பாட்டில் வரும் எதிரிகள் கற்பனையா நிஜமா என்று ரசிகர்கள் விவாதித்துக்கொண்டிருந்த வேளையில், எதிரிகளுக்கு அவர் எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வண்டி என்று எல்லாம் தெரிந்திருந்தது. கனடாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அங்கேயும் பஞ்சாபிப் பாடகர்களின் வீடுகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்திருக்கிறது.

பஞ்சாபி மேடையில் இது முதல் கொலையும் இல்லை. 1988 மார்ச் 8இல் மேசம்பூரில் நிகழ்ச்சிக்கு வந்து காரிலிருந்து இறங்கிய பாடகர் சம்கீலாவையும் மனைவி அமர்ஜோத்தையும் சுட்டுக் கொன்றார்கள். சம்கீலாவுக்கு வயது 27.

மே 31 அன்று உடல் வீட்டுக்கு வந்தபோது அம்மா தலைமுடியைச் சீவிவிட்டார், அப்பா தலைப்பாகை கட்டிவிட்டார். கல்யாணம் ஆகாத மகன் என்பதால் மாப்பிள்ளைக் கோலம். சுடுகாட்டுக்குக் கொண்டுபோகவில்லை, சொந்த வயலில்தான் தகனம். உடலை ஏற்றிச் சென்றது அவர் ஓட்டிய 5911 டிராக்டர். மே மாத வெயிலில் கூடி நின்ற கூட்டத்தைப் பார்த்து அப்பா தன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் ஏந்தினார். தலைப்பாகையை இறக்குவது ஒரு சீக்கியருக்கு என்ன என்று தெரிந்தவர்களால் அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்க்க முடியாது.

தேதி 29, மாதம் 5. ரசிகர்கள் இரண்டையும் சேர்த்து எழுதி 295 என்று படித்தார்கள். அந்தப் பாட்டு சாவுக்குப் பின்னால் பில்போர்ட் குளோபல் 200 பட்டியலில் ஏறியது. கனடாவின் ராப் நட்சத்திரம் டிரேக் தன் வானொலி நிகழ்ச்சியில் அதை ஒலிக்கவிட்டார், டொரான்டோ மேடையில் மூசேவாலா முகம் பதித்த சட்டையோடு வந்தார்.

அதற்குப் பிறகு

பதிவு செய்து வைத்திருந்த பாட்டுகள் ஏராளம். முதலில் வந்தது 2022 ஜூன் 23இல் 'எஸ்ஒய்எல்'. சட்லஜையும் யமுனையையும் இணைக்க 1982இல் வெட்டத் தொடங்கி இன்னும் முடியாத கால்வாயின் பெயர். பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் அது காவிரி மாதிரி. கால்வாய் வேலையை நிறுத்த 1990இல் அதிகாரிகளைச் சுட்டுக்கொன்ற பல்விந்தர் சிங் ஜட்டானாவைப் பாட்டில் புகழ்ந்திருந்தார். சில நாட்களில் இரண்டு கோடிக்கு மேல் பார்த்தார்கள், அரசின் புகாருக்குப் பிறகு இந்திய யூடியூபில் காணாமல் போனது. செத்தபின்னும் ஒரு தடை. நவம்பரில் 'வார்', சீக்கியத் தளபதி ஹரி சிங் நல்வாவைப் பற்றி. 2023 ஏப்ரலில் நைஜீரியாவின் பர்னா பாயோடு 'மேரா நா'. அப்புறம் வருடத்துக்கு இரண்டு மூன்று.

2024 மார்ச்சில் செயற்கைக் கருத்தரிப்பு மூலம் அவர் பெற்றோருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அம்மாவுக்கு வயது 58. சட்டம் வைத்த வயது வரம்பு என்ன ஆயிற்று என்று மத்திய அரசு மாநில அரசிடம் விளக்கம் கேட்டது. அந்த வீட்டில் தொட்டில் போடுவதற்கும் கடிதப் போக்குவரத்து வேண்டியிருந்தது.

2025 ஜூன் 11, உயிரோடு இருந்திருந்தால் 32ஆவது பிறந்த நாள். கொலையைப் பற்றிப் பிபிசி எடுத்த ஆவணப்படத்தை நிறுத்தச் சொல்லி அப்பா மான்சா நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். மும்பையில் நடக்கவிருந்த திரையிடலுக்குப் பதிலாகப் படம் அன்றே யூடியூபில் ஏறிவிட்டது. அதே நாளில் 'மூஸ் பிரிண்ட்' என்ற பெயரில் மூன்று புதிய பாட்டுகளும் வந்தன. மூன்றிலும் அந்தக் குரல் பழையபடி வரியின் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, தாளம் காத்திருக்கிறது.